நுரையில் ஏறும் அழுக்கு

வெப்பமண்டலக் கடலில் பவளப்பாறையைச் சூழ்ந்து நிற்கும் நீர், முப்பது நாற்பது அடி ஆழத்திலும் அடிமணல் தெரியும்படி தெளிந்திருப்பதைக் கண்டு வியக்காதவர் இல்லை. அந்தத் தெளிவுக்குக் காரணம், நீரைக் கலங்கச் செய்யும் நுண்பாசிகள் பெருகுவதற்கு வேண்டிய நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் அங்கே அநேகமாக இல்லாமல் இருப்பதேயாகும். இத்தனை வறிய ஜலத்தில் இத்தனை செழிப்பான ஜீவசமூகம் எவ்வாறு தழைக்கிறது என்ற கேள்வி டார்வினின் காலந்தொட்டு விஞ்ஞானிகளின் மனத்தில் இருந்து வருகிறது. பவளப் பூச்சியின் திசுவுக்குள்ளேயே குடியிருக்கும் ஒற்றைச்செல் பாசிகள் சூரிய ஒளியில் சர்க்கரை சமைத்துப் பவளத்துக்குக் கொடுப்பதும், பவளத்தின் கழிவை அப்பாசிகள் உரமாக ஏற்பதும், போஷணை எதுவும் வீணாகாமல் ஓர் உயிரிடமிருந்து மற்றோர் உயிரிடம் கைமாறிக்கொண்டே இருப்பதும் அதற்குரிய விடையில் பெரும்பகுதி. விடை எதுவானாலும், பவளம் என்பது சுத்தமான நீருக்கென்றே கோடிக்கணக்கான வருஷங்களாகத் தன் தேகத்தைப் பழக்கிக்கொண்ட பிராணி என்பதில் ஐயமில்லை.

அத்தகைய பிராணியை வீட்டு வரவேற்பறையில் நானூறு லிட்டர் கொள்ளும் கண்ணாடித் தொட்டியில் வைத்து வளர்க்க முற்படும்போது என்ன நேர்கிறது என்பதைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். மீன்களுக்கு நாள்தோறும் இரை இடுகிறோம்; அவை உண்டது போக மிஞ்சியது அடியில் தங்குகிறது; உண்டதும் கழிவாக வெளிவருகிறது; பவளங்கள் இடைவிடாமல் சளியைச் சுரக்கின்றன; பாசிகள் தம் சாற்றை நீரில் கசிய விடுகின்றன. சமுத்திரத்திலானால் இவையாவும் அலையோடு போய் எல்லையற்ற நீர்ப்பரப்பில் கரைந்துவிடும். தொட்டிக்கோ போக்கிடம் இல்லை. புரதங்களைப் பாக்டீரியாக்கள் சிதைத்து அம்மோனியாவாக்கும், அம்மோனியா வேறு பாக்டீரியாக்களால் நைட்ரைட்டாகும், நைட்ரைட் நைட்ரேட்டாகும், சிதைவின் போக்கில் வெளிப்படும் பாஸ்பேட்டும் உடன் சேரும். சில மாதங்களுக்குள் பாறைகளின் மேல் பச்சைப் பாசி படர்ந்து, பவளத்தின் பழுப்பு நிறம் கருத்து, அதன் சுண்ணாம்பு எலும்புக்கூடு வளர்வது தடைப்பட்டுப் போகும்.

கடற்பிராணிகளை வீட்டில் வளர்த்த முதல்வர்களில் ஒருவரான அன்னா தைன் என்ற ஆங்கிலப் பெருமாட்டி, 1846-இல் டார்க்கீ கடற்கரையிலிருந்து கிண்ணப் பவளங்களை எடுத்துக்கொண்டு லண்டனுக்குப் போனார். அங்கே தினந்தோறும் புதுக் கடல்நீருக்கு வழியில்லாமையால், இருந்த நீரையே திறந்த ஜன்னலின் முன் நின்று ஒரு பாத்திரத்திலிருந்து மற்றொன்றுக்கு அரைமணி, முக்கால் மணி நேரம் மாற்றி மாற்றி ஊற்றும்படி தம் பணிப்பெண்ணை ஏவினார். மறுவருஷம் கடற்பாசிகளையும் தொட்டியில் சேர்த்துப் பவளங்களை நெடுநாள் உயிரோடு காத்தார். அந்தப் பணிப்பெண்ணின் பெயரை வரலாறு பதிவு செய்யவில்லை. ஆயினும் காற்றையும் கடல்நீரையும் ஓயாமல் கலப்பதிலேயே தொட்டியின் ஜீவன் இருக்கிறது என்பதை அவளுடைய கைகள் முதன்முதலில் நிரூபித்தன என்று சொல்வது மிகையாகாது. இன்று புரோட்டீன் ஸ்கிம்மர் என்று வழங்கும் கருவி செய்வதும் காற்றையும் கடல்நீரையும் கலப்பதே. ஆனால் அந்தக் கலவையின் நுரையை அது கீழே விழ விடுவதில்லை, மேலே ஏற்றி, ஏறியதைத் தனியே பிரித்து எடுத்துவிடுகிறது. அந்த ஒரு சிறு வேறுபாட்டில்தான் சூட்சுமம் முழுவதும் அடங்கியிருக்கிறது.

நீரில் கரைந்துள்ள பொருள்கள் எல்லாம் நீரோடு ஒரே விதமாக உறவாடுவதில்லை. உப்பும் சர்க்கரையும் நீரின் நடுவிலேயே நிம்மதியாக இருக்கும். புரதம், கொழுப்பமிலம் போன்ற பெரிய மூலக்கூறுகள் சிலவற்றுக்கோ இரட்டை ஸ்வபாவம் உண்டு: ஒரு பகுதி நீரை நாடும், மற்றொரு பகுதி நீரை வெறுக்கும். இத்தகைய மூலக்கூறு நீருக்குள் அலையும் வரையில் அதற்கு நிலைகொள்ளாத வாழ்வுதான். காற்றும் நீரும் சந்திக்கும் பரப்பு ஒன்று எதிர்ப்பட்டதும், வெறுக்கும் பகுதியைக் காற்றின் பக்கமும் நாடும் பகுதியை நீரின் பக்கமும் வைத்து அங்கேயே தங்கிவிடும். சுருண்டு கிடந்த புரதமானால் பரப்பை அடைந்தபின் சிறிது சிறிதாகப் பிரிந்து படர்ந்து, பக்கத்திலுள்ள புரதத்தோடு பின்னிக்கொண்டு, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய ஆடையாக ஆகிவிடும். பரப்பு இழுவிசையைக் குறைக்கும் பொருள் எதுவோ அது பரப்பிலே வந்து குவியும் என்பதை அமெரிக்கரான வில்லர்ட் கிப்ஸ் 1870-களிலேயே கணிதத்தால் நிறுவியிருந்தார்.

கணிதத்தால் அறிந்ததைக் கண்ணால் காணும்படி செய்த பெருமை ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரில் நோயாளிப் பெற்றோருக்குப் பணிவிடை செய்துகொண்டு வீட்டோடு இருந்த ஆக்னஸ் பொக்கெல்ஸ் என்ற பெண்மணியைச் சாரும். பெண்களுக்குப் பல்கலைக்கழகக் கதவு திறவாத காலம் அது. ஒரு தகரத் தொட்டியில் நீரை நிரப்பி, அதன் குறுக்கே ஓர் உலோகப் பட்டையை நகர்த்திப் பரப்பை அகலப்படுத்தியும் சுருக்கியும், நீரைத் தொட்டுக்கொண்டிருக்கும் ஒரு சிறு வில்லையைத் தராசால் மேலே இழுத்துப் பிரிக்க எத்தனை பலம் வேண்டும் என்று அளந்தும், சிறிதளவு எண்ணெய்ப்பசை பட்ட நீர்ப்பரப்பு தூய நீர்ப்பரப்பிலிருந்து எவ்வாறு வேறுபடுகிறது என்பதைப் பல வருஷங்கள் ஆராய்ந்தார். 1891 ஜனவரியில் அவர் தம் முடிவுகளைக் கடிதமாக எழுதி இங்கிலாந்திலிருந்த ராலே பிரபுவுக்கு அனுப்ப, அந்த மகான் அதன் அருமையை உணர்ந்து ‘நேச்சர்’ பத்திரிகைக்குத் தாமே அனுப்பி வைத்தார். மார்ச் மாதத்தில் அது அச்சேறியது. பரப்பில் படியும் படலங்களைப் பற்றி இன்று நமக்குத் தெரிந்தவற்றிற் பெரும்பாலும் அந்தத் தகரத் தொட்டியின் வழிவந்தவை.

இனி, பரப்பே அழுக்கைப் பிடிக்கும் பொறியானால், பரப்பு எவ்வளவு அதிகமோ அவ்வளவு நன்று. ஒரு லிட்டர் காற்றை ஒரே குமிழியாக வைத்தால் அதன் மேற்பரப்பு ஐந்நூறு சதுர சென்டிமீட்டருக்கும் குறைவு. அதே காற்றை ஒரு மில்லிமீட்டர் விட்டமுள்ள குமிழிகளாக உடைத்தால் ஏறக்குறைய 19 லட்சம் குமிழிகள் கிடைக்கும். அவற்றின் பரப்பு எல்லாம் சேர்ந்து ஆறு சதுர மீட்டர் ஆகும். விட்டத்தை இன்னும் பாதியாக்கினால் பரப்பு பன்னிரண்டு சதுர மீட்டராக வளரும். மேலும், சிறிய குமிழி மெதுவாக ஏறுகிறபடியால் நீரோடு அதிக நேரம் உறவாடவும் செய்கிறது. மிகமிகச் சிறியதாக்கினாலும் நன்றன்று: அத்தகைய குமிழி மேலே ஏறும் வலிமை இழந்து நீரோட்டத்தோடு இழுபட்டுத் தொட்டிக்கே திரும்பிவிடும். அரை மில்லிமீட்டரிலிருந்து ஒரு மில்லிமீட்டர் வரையிலான அளவையே கருவி செய்வோர் நாடுகின்றனர்.

இந்த இடத்தில் கடல்நீரின் உப்பு ஓர் எதிர்பாராத உபகாரம் செய்கிறது. குழாய் நீரில் காற்றை ஊதினால் சிறு குமிழிகள் ஒன்றையொன்று தொட்டவுடன் கூடிப் பெருங்குமிழிகளாகிச் சட்டென்று மேலெழுந்து உடைந்துவிடும். லிட்டருக்கு 35 கிராம் உப்புள்ள கடல்நீரிலோ அவை கூடுவதில்லை; பாலைப்போல் வெளுத்த நுண்குமிழிக் கூட்டமாக நெடுநேரம் நிற்கும். உப்பு நீரின் பரப்பு இழுவிசையைக் குறைத்துவிடுவதால் இவ்வாறு நேர்கிறது என்று பலர் கூறுவதுண்டு. அது சரியன்று, உப்பு அவ்விசையைச் சிறிது கூட்டவே செய்கிறது. இரண்டு குமிழிகளுக்கு இடையிலுள்ள நீர்ப்படலம் வடிந்து அறுவதை உப்பின் அயனிகள் ஏன் தடுக்கின்றன என்பதில் பௌதிக சாஸ்திரிகளுக்குள் இன்றும் ஒருமித்த அபிப்பிராயம் ஏற்படவில்லை. நன்னீர் மீன்தொட்டிகளில் இந்தக் கருவி உருப்படியாக வேலை செய்யாததற்கு, உப்பற்ற நீரில் குமிழிகள் இவ்வாறு கூடிவிடுவதே முதற்காரணம்.

கருவியை இப்போது அருகிற் சென்று பார்ப்போம். தொட்டியின் அடியிலுள்ள அலமாரிக்குள், வழிந்து இறங்கும் நீரைத் தாங்கும் சம்ப்பில், ஒளி ஊடுருவும் அக்ரிலிக்கால் செய்த உருளை ஒன்று நின்றுகொண்டிருக்கும். அதன் அடியிலுள்ள பம்பின் சுழலிக்கு மற்றப் பம்புகளில் உள்ளதுபோல் தகடுகள் இல்லை. நூற்றுக்கணக்கான சிறு ஊசிகள் நீட்டிக்கொண்டிருக்கும். சுழலியின் உறிஞ்சலால் ஒரு மெல்லிய குழாய் வழியே காற்று தானே உள்ளே இழுக்கப்பட்டு, அந்த ஊசிகளிடையே அகப்பட்டுத் தூள்தூளாகி, நீரோடு உருளைக்குள் பாய்கிறது. முந்தைய தலைமுறைக் கருவிகளில் ஊசிச்சுழலி கிடையாது; லிண்டன் மரக்கட்டையின் நுண்துளைகள் வழியே காற்றை ஊதி, நீரை மேலிருந்து கீழாகவும் குமிழிகளைக் கீழிருந்து மேலாகவும் எதிரெதிரே ஓட விட்டார்கள்; கட்டை சில வாரங்களிலேயே உப்பிப் போக, அதை மாற்றுவது ஓயாத வேலையாக இருந்தது.

உருளை மேலே போகப் போகக் குறுகிக் கழுத்தாகிறது. கழுத்தின் உச்சியில் கிண்ணம் ஒன்று பொருந்தியிருக்கிறது. இந்தக் கழுத்தில் நடப்பதே கருவியின் ஜீவநாடியாதலால் அங்கே சற்று நிற்பது தகும். துவரம்பருப்பு உலையில் கொதிக்கும்போது மஞ்சள் நுரை திரண்டு பாத்திரத்தின் விளிம்புவரை எழும்புவதை எல்லோரும் அறிவர். பருப்பிலிருந்து நீரில் இறங்கிய புரதம் முதலியவை குமிழிகளின்மேல் படலமாகப் படிந்து அவற்றை உடையாமல் காப்பதால்தான் நுரை அவ்வளவு உயரம் ஏறுகிறது. ஸ்கிம்மரின் கழுத்திலும் அதுவே நிகழ்கிறது. அடியில் நீர் மிகுந்து உருண்டையாக இருந்த குமிழிகள் மேலே தள்ளப்படுந்தோறும், அவற்றின் இடுக்குகளில் இருந்த நீர் தன் பாரத்தால் கீழே வடிந்துவிட, குமிழிகள் ஒன்றையொன்று நெருக்கிப் பல முகங்கள் கொண்ட கூடுகளாகின்றன. கூடுகள் சந்திக்கும் விளிம்புகளிலுள்ள நுண்கால்வாய்களின் வழியாகவே நீர் இறங்குகிறது. கண்பார்வையை இழந்த பின்னும் சோப்புப் படலங்களின் வடிவ விதிகளை வகுத்த பெல்ஜிய விஞ்ஞானி ஜோசப் பிளாட்டோவின் பெயரால் அக்கால்வாய்கள் வழங்குகின்றன. வெறும் நீர் வடிய, படலத்தில் ஒட்டிய அழுக்கு மட்டும் மேலே ஏறுகிறபடியால், உச்சியை அடையும் நுரை அடியிலுள்ள நீரைக் காட்டிலும் பன்மடங்கு அழுக்குச் செறிந்ததாக இருக்கிறது. அது கிண்ணத்தின் உள்விளிம்பைத் தாண்டி விழுந்து, உடைந்து, கறுப்புத் தேநீரின் நிறத்தில் தேங்குகிறது. அதன் துர்நாற்றத்தை ஒருமுறை முகர்ந்தவர், தொட்டிக்குள் அது இருந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று கேட்கமாட்டார்.

நீர்மட்டத்தைச் சிறிது உயர்த்தினால் நுரை வடிய அவகாசமின்றி ஈரமாகவே ஏறி, வெளிறிய திரவமாக நிறையச் சேரும். தாழ்த்தினால் வறண்டு, கரிய சேறாகக் கொஞ்சமே சேரும். வெளியேறும் குழாயின் வால்வை அரைச்சுற்று திருப்புவதிலேயே இந்த இரண்டிற்கும் உள்ள தூரம் அடங்கிவிடுகிறது. மீன்தொட்டிக்குள் கையை விட்டு ஒரு பாறையை நகர்த்தி வைத்தால், அடுத்த ஒரு மணி நேரம் கழுத்தில் நுரையே எழாது. தோலின் எண்ணெய்ப்பசை குமிழிப் படலங்களில் புகுந்து அவற்றை அறுத்துவிடுகிறது. எண்ணெய் மிகுந்த உறைந்த இரையை இட்டாலும் அவ்விதமே. இதற்கு நேர்மாறாக, உடைந்த பவளத்துண்டைப் பாறையில் ஒட்ட எபாக்சிப் பசையை உபயோகித்தால், நுரை கட்டுக்கடங்காமல் பொங்கிக் கிண்ணத்தை நிறைத்து வழிந்துவிடும்.

இந்தக் கருவியின் சரித்திரம் பெரும்பாலும் ஜெர்மானிய சரித்திரம். ஜகார்த்தாவில் வாழ்ந்த லீ சின் எங் என்பவர் வெறும் காற்றுக்குமிழிகளையும், கடலிலிருந்து உயிர்களோடு எடுத்த பாறைகளையும் மட்டும் கொண்டு பவளங்களை வளர்க்கும் முறையை 1961-இல் எழுதி வெளியிட்டிருந்தார். உள்ளே குடியிருக்கும் பாக்டீரியாக்களால் நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக மாற்றிக் காற்றில் விட்டுவிட வல்ல அந்தப் பாறைகளோடு, அறுபதுகளில் ஜெர்மனியில் சாண்டர், டுன்ஸே முதலிய நிறுவனங்கள் செய்யத் தொடங்கிய ஸ்கிம்மரையும் சேர்த்தபோது பிறந்ததே பெர்லின் முறை. பீட்டர் வில்கென்ஸின் எழுத்துக்களும், பெர்லின் நகரத்து டீட்ரிஷ் ஸ்டூபர் தம் தொட்டியில் வளர்த்துப் பிறருக்குக் கிளை கிளையாக வழங்கிய அக்ரோபோரா பவளமும் அதன் புகழைப் பரப்பின. அமெரிக்காவிலோ 1986-இல் ஜார்ஜ் ஸ்மிட் எழுதிய கட்டுரைகளால், பிளாஸ்டிக் பந்துகளின்மேல் நீரைச் சொட்டவிடும் வடிகட்டிகள் மோஸ்தராயின. அவை அம்மோனியாவை விரைந்து நைட்ரேட்டாக்கின. நைட்ரேட்டை எடுத்துப் போக ஒன்றும் இல்லாமையால் அது தொட்டியிலேயே தேங்கியது. ஸ்கிம்மரின் மேன்மை இங்கேதான் விளங்குகிறது: இத்தகைய வடிகட்டிகள் அழுக்கை உருமாற்றி நீரிலேயே விட்டுவைக்கின்றன, ஸ்கிம்மர் அது அழுகத் தொடங்குமுன்பே நீரைவிட்டு வெளியே எடுத்துவிடுகிறது. அமெரிக்கர் இதை முழுமனத்தோடு ஒப்புக்கொள்ளத் தொண்ணூறுகள் வரவேண்டியிருந்தது.

எனினும் எவ்வளவு எடுக்கிறது என்ற கேள்விக்கு நெடுங்காலம் விளம்பரங்களே விடை கூறி வந்தன. பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ரசாயனப் பேராசிரியர் கென் ஃபெல்ட்மன் தம் சகாக்களோடு 2009 முதல் வெளியிட்ட பரிசோதனைகள்தான் இவ்விஷயத்தை அளவுகோலின் கீழ் கொண்டுவந்தன. நீரில் கரைந்த அங்ககக் கரிமத்தில் ஏறத்தாழ 20 முதல் 30 சதவீதத்தையே ஸ்கிம்மர் அகற்றுகிறது என்றும், விலையுயர்ந்த கருவிகளுக்கும் எளிய கருவிகளுக்கும் இதில் பெரிய ஏற்றத்தாழ்வு இல்லை என்றும் அவர் கண்டார். சர்க்கரைகளும் நீரை நாடும் மற்ற அங்ககப் பொருள்களும் எத்தனை குமிழிகள் வந்தாலும் பரப்பிற்கு வரமாட்டா. நைட்ரேட், பாஸ்பேட் அயனிகளும் அப்படியே. கிண்ணத்தில் சேர்ந்த சேற்றை உலர்த்திப் பகுத்தபோது வேறோர் ஆச்சரியம் காத்திருந்தது: திடப்பொருளில் கணிசமான பங்கு, கால்சியம் கார்பனேட்டும், டயாட்டம் என்ற நுண்பாசிகளின் கண்ணாடி ஓடுகளான சிலிக்காவுமாக இருந்தது. அழுக்குப் படலம் பூண்ட குமிழிகள் நுண்துகள்களையும் உயிருள்ள பாக்டீரியாக்களையும் தம்மோடு தூக்கிக்கொண்டே ஏறுகின்றன என்பது இதனால் தெளிவாயிற்று.

சிலர் இந்த 20, 30 சதவீதத்தைக் கேட்டு, இதற்காகவா இத்தனை மின்சாரமும் பணமும் என்று ஏமாற்றம் அடைகின்றனர். அவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. முதலாவதாக, ஓயாமல் குமிழிகள் உடையும் அந்த உருளையிலேயே நீர் பிராணவாயுவை ஏற்றுக் கரியமிலவாயுவை விடுகிறது. இரவில் பாசிகள் ஒளிச்சேர்க்கையை நிறுத்தியதும் மீன்கள் மூச்சுத் திணறாமல் இருப்பது பெரிதும் இதனால்தான். இரண்டாவதாக, எடுக்கும் அந்த ஒரு பங்கு நாள்தோறும், நாழிகைதோறும் எடுக்கப்படுகிறது. மூன்றாவதாக, பாக்டீரியாக்களையும் அது தூக்கிச் செல்வதால், தொட்டியில் சிறிது வினிகரையோ வோட்காவையோ நாள்தோறும் சொட்டவிட்டு, அந்த உணவில் பெருகும் பாக்டீரியாக்கள் நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் தம் உடலாக்கிக்கொண்டபின் நுரையோடு வெளியேற்றும் உபாயத்துக்கும் ஸ்கிம்மரே ஆதாரமாயிருக்கிறது. தானாகப் பரப்புக்கு வராத அயனிகளை, வரக்கூடிய ஓர் உயிரின்மேல் ஏற்றி அனுப்பும் யுக்தி அது.

கடல் தானும் இக்காரியத்தைச் செய்யாமல் இல்லை. வட கடலின் கரைகளில் வசந்தகாலத்தில் ஃபேயோசிஸ்டிஸ் என்ற பாசி பெருகி மடியும்போது, அதன் பசையை அலைகள் கடைந்து முழங்காலளவு நுரையாகக் கரையில் குவிக்கின்றன. 2019 டிசம்பரில் பெருமழைக்குப்பின் சென்னை மெரினாக் கரையில் வெண்ணுரை மலையாகக் குவிந்தபோது குழந்தைகள் அதில் இறங்கி விளையாடினார்கள்; அதிலிருந்தது நகரத்துச் சாக்கடைகளின் சோப்புக் கழிவு. பரப்பை நாடும் எதையும் நுரை பேதம் பாராமல் தூக்கிவந்துவிடும். இந்தக் குணத்தைக்கொண்டே, தீயணைப்பு நுரைகளால் மாசுபட்ட நிலத்தடி நீரிலிருந்து, எளிதில் அழியாத ஃபுளோரின் சேர்மங்களைப் பிரித்தெடுக்கும் பெரிய நுரைத் தூண்களை ஆஸ்திரேலியாவில் நிறுவியிருக்கிறார்கள்.

பேதம் பாராத இக்குணமே ஸ்கிம்மரின்மீது சொல்லப்படும் குற்றச்சாட்டுமாகும். வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் நிறுவனத்தைச் சேர்ந்த வால்டர் ஏடி, பவளத்தின் ஆகாரமான மிதவையுயிர்களையும் அது வடித்துவிடுகிறது என்று கருதி, ஒளி விழும் தட்டுகளில் பாசியை வளர்த்து அறுவடை செய்து நீரைத் தூய்மையாக்கும் வேறொரு முறையை வகுத்தார். ஆஸ்திரேலியாவின் டவுன்ஸ்வில்லில் 1987-இல் திறக்கப்பட்ட, 25 லட்சம் லிட்டர் கொண்ட மாபெரும் பவளத் தொட்டி அம்முறையிலேயே தொடங்கியது. அவருடைய கவலை ஆதாரமற்றது அன்று: ஸ்கிம்மர் ஓடும் தொட்டிகளின் நீரில் பாக்டீரியாக்களின் எண்ணிக்கை இயற்கைப் பவளப்பாறை நீரில் உள்ளதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் என்று 2011-இல் ஃபெல்ட்மன் குழுவினரே கண்டனர். ஆகையால் தேர்ந்த வளர்ப்பாளர்கள், விளக்கு அணைந்து பவளப்பூச்சிகள் உணர்கொம்புகளை நீட்டும் வேளையில் மிதவையுயிர் உணவை இட்டு, இரண்டொரு மணி நேரம் ஸ்கிம்மரை நிறுத்தி வைக்கிறார்கள். சொற்ப மீன்களும் மென்பவளங்களும் மட்டும் உள்ள சிறு தொட்டியில், வாரந்தோறும் பத்தில் ஒரு பங்கு நீரை மாற்றுவதோடு ஸ்கிம்மர் இன்றியே சமாளித்துவிடலாம். மீன் நிறைந்த, அக்ரோபோரா வளரும் தொட்டியில் அதை நிறுத்திவைக்கத் துணியமாட்டேன்; கழுத்தின் உட்புறத்தில் படியும் பழுப்புக் கொழுப்பை வாரம் இருமுறையாவது துடைத்துவிடுவேன், அந்தப் படிவு தடித்தால் நுரை ஏறுவது குன்றிவிடுமாதலால்.